ஒட்டுப் போட்ட வண்டி ஊர் போய்ச் சேரும்... ஆனால்?



'ஒட்டு வேலை' என்ற சொல்லை நம் வகுப்பறைகளில் ஒரு மாதிரியும், ரோட்டோர ஷெட்டுகளில் வேறு மாதிரியும் சொல்கிறார்கள். வகுப்பில் அது ஒரு வசவு. "என்னடா இது, ஒட்டு வேலை பார்த்து வெச்சிருக்க!" என்றால் மார்க் போச்சு என்று அர்த்தம். ஷெட்டிலோ அது ஒரு பட்டம். "அண்ணன் கை வெச்சா எதையும் ஒட்டுப் போட்டு ஓட விட்டுருவாரு" என்றால் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

இதில் யார் சொல்வது சரி? இரண்டு பேர் சொல்வதிலும் பாதிதான் சரி என்பது என் கருத்து. இதை எழுதும் எனக்கு வயது குறைவு, அனுபவமும் குறைவு. ஆனால் திண்டுக்கல் - மதுரை ரோட்டில் காந்திகிராமத்தைச் சுற்றி வளர்ந்தவன் என்பதால், பழைய அம்பாசிடர் கார்களையும் அவற்றை ஓட வைத்த கைகளையும் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள். பிறகு சண்டைக்கு வாருங்கள்!

ஏன் அம்பாசிடர்?

இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாவது சீரீஸ் காரை அச்சாக வைத்து, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசிடரைச் செய்யத் தொடங்கியது. 1958-ல் சாலைக்கு வந்த அந்தக் கார், 2014 மே மாதம் உற்பத்தி நிற்கும் வரை ஏறத்தாழ அதே உருவத்தில் வந்துகொண்டிருந்தது. ஐம்பத்தாறு வருஷம்! தாத்தா வாங்கிய காரின் கதவைப் பேரன் வாங்கிய காரில் மாட்டலாம் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை.

அதன் 1489 சி.சி. பெட்ரோல் என்ஜின் ஏனோதானோ என்ஜின் அல்ல. 1955-ல் இங்கிலாந்தில் வந்த எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரில் இருந்ததும் இதே குடும்பத்து என்ஜின்தான். அங்கே பந்தயத்தில் ஓடிய என்ஜின், இங்கே கல்யாணக் கோஷ்டியில் ஒன்பது பேரை அடைத்துக்கொண்டு பழனி மலையடிவாரத்துக்குப் போனது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தக் காரைச் சுற்றி ஒட்டு வேலை ஒரு கலையாகவே வளர்ந்ததற்குக் காரணம் உண்டு. பானட்டைத் திறந்தால் உள்ளே ஆள் இறங்கி நிற்கிற அளவுக்கு இடம் இருக்கும். எந்தப் பாகம் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். நாலு ஸ்பானர், ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு குறடு போதும். காருக்குப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்துக் கிடந்த காலம் அது. வாங்கிய காரைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்க யாராலும் முடியாது. ஆக, ஓட வைத்தே தீர வேண்டும். 'வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்' என்பது அந்த மெக்கானிக்குகளுக்குப் பழமொழி அல்ல, அன்றாட வேலை.

காந்திகிராமத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது! 1947-ல் காந்திகிராமத்தைத் தொடங்கியவர்கள் டாக்டர் சௌந்திரம் அம்மையாரும் அவர் கணவர் டாக்டர் ஜி. ராமச்சந்திரனும் என்பது நமக்குத் தெரியும். 1956-ல் கிராமியப் பயிலகம் வந்ததும், அது 1976-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனதும் தெரியும். ஆனால் சௌந்திரம் அம்மையாரின் தந்தை யார் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1911-ல் டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கி, மதுரைப் பக்கத்தில் பஸ் ஓட்டிய டி.வி. சுந்தரம் ஐயங்கார்தான் அவர்!

இரண்டாம் உலகப் போர் வந்தது. பெட்ரோலுக்கு ரேஷன். பஸ் எல்லாம் நிற்க வேண்டிய நிலை. அப்போது அவருடைய நிறுவனம் 'கேஸ் பிளாண்ட்' செய்து பஸ்களில் மாட்டியது. நம் தாத்தா பாட்டிமார் 'கரி பஸ்' என்று சொல்வது அதைத்தான். பஸ்ஸின் பின்னால் ஒரு உருளை அடுப்பு. அதில் அடுப்புக்கரி. காற்றைக் குறைவாக விட்டுக் கரியை எரித்தால் கார்பன் மோனாக்சைடு நிறைந்த வாயு வரும். அதைக் குளிர்வித்து, வடிகட்டி, என்ஜினுக்குக் கொடுத்தால் பஸ் ஓடும். பெட்ரோலில் கிடைத்த இழுவை கிடைக்காது. மேட்டில் மூச்சு வாங்கும். காலையில் கிளம்புவதற்கு முன்பே அடுப்பு மூட்டி விசிற வேண்டும். ஆனாலும் ஓடியது! போர் முடிந்து பெட்ரோல் தாராளமாக வந்ததும் அந்த உருளைகளைக் கழற்றி வீசிவிட்டார்கள். இந்தக் கடைசி வாக்கியத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது தேவைப்படும்.

நம் பக்கத்து இன்னொரு முன்னோடி கோவை ஜி.டி. நாயுடு. பள்ளிப் படிப்பை ஆரம்ப வகுப்புகளிலேயே விட்டவர். ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, ஹோட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து அதை வாங்கி, அக்கு அக்காகக் கழற்றி மாட்டித் தொழில் கற்றவர். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டத் தொடங்கினார். இன்று பழனி நம் திண்டுக்கல் மாவட்டம். ஆக, நம் மாவட்டத்து ரோட்டில்தான் அந்த மேதையின் சக்கரம் முதலில் உருண்டது என்று நாம் பெருமை கொள்ளலாம்.

சரி, பெருமை போதும். வேலைக்கு வருவோம்.

ஈரத்துணியின் இயற்பியல்

வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலை ஏறும் பழைய பெட்ரோல் அம்பாசிடர் ஒன்று சித்திரை வெயிலில் திக்கித் திணறி நிற்கும். டிரைவர் இறங்குவார். பானட்டைத் திறப்பார். ஒரு துணியைத் தண்ணீரில் நனைத்துப் பெட்ரோல் பம்ப் மேல் சுற்றுவார். ஒரு பீடி குடிக்கிற நேரம் பொறுப்பார் (காரை விட்டுத் தள்ளி நின்றுதான்!). பிறகு ஸ்டார்ட் செய்தால் கிளம்பிவிடும். பார்க்கிறவர்களுக்கு மந்திரம் மாதிரி இருக்கும்.

மந்திரம் ஒன்றும் இல்லை. பெட்ரோல் பம்ப் என்ஜின் பிளாக்கோடு ஒட்டி இருக்கிறது. என்ஜின் சூட்டில் பம்புக்குள் இருக்கும் பெட்ரோல் ஆவியாகிறது. பம்ப் திரவத்தைத்தான் தள்ளும், ஆவியைத் தள்ளாது. ஆவி அமுங்கி அமுங்கி விரியும், கார்புரேட்டருக்கு ஒரு சொட்டும் போகாது. இதுதான் 'வேப்பர் லாக்'. மலை மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதால் பெட்ரோல் இன்னும் சீக்கிரம் கொதிக்கும். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 540 கலோரி வெப்பம் வேண்டும் என்று முதலாம் ஆண்டில் படித்தோமே, அந்த வெப்பத்தைத்தான் ஈரத்துணி பம்பிலிருந்து பிடுங்குகிறது. மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பதும் இதனால்தான். நாம் பரீட்சைக்கு எழுதி மறந்ததை அந்த டிரைவர் ரோட்டில் செய்து காட்டுகிறார்.

இன்னொன்று பாருங்கள். ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள்தூள் போடுவது. பொடி தண்ணீரோடு சுற்றி வந்து, ஒழுகும் மெல்லிய விரிசலில் போய் ஊறி உப்பி அடைத்துக்கொள்கிறது. அருமையான யோசனை! ஆனால் பொடிக்கு எது விரிசல், எது ரேடியேட்டர் குழாய் என்று தெரியாது. அது எல்லாவற்றையும்தான் அடைக்கும். ஆகவே ஊர் வந்து சேர்ந்ததும் ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவிப் பற்ற வைக்க வேண்டும். 'மஞ்சளே போதும்' என்று விட்டால், அடுத்த கோடையில் என்ஜின் கொதித்துக் கேஸ்கட் போகும்.

பெட்ரோல் டேங்க் கசிந்தால் பார் சோப்பைக் குழைத்து அப்புவது மூன்றாவது. சோப்பு தண்ணீரில் கரையும், பெட்ரோலில் கரையாது. அதனால் தாங்குகிறது. ஆனால் மழை பெய்தால்? கீழிருந்து சக்கரம் தண்ணீரை அடித்தால்? சோப்பு போய்விடும். அதாவது இந்த ஒட்டுக்கு ஆயுள், அடுத்த மழை வரை.

கான்டாக்ட் பாயிண்ட் கருகினால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒரு விசிட்டிங் கார்டை நடுவில் நுழைத்து இடைவெளி வைப்பது நான்காவது. புத்தகத்தில் ஏறத்தாழ 15 தௌ, அதாவது 0.38 மில்லிமீட்டர் என்று இருக்கும். கொஞ்சம் கனமான கார்டின் தடிமனும் அந்தப் பக்கம்தான் வரும். ஃபீலர் கேஜ் இல்லாத இடத்தில் அட்டைதான் கேஜ்!

இந்த நான்கையும் நான் மனமாரப் பாராட்டுகிறேன். இவற்றைச் செய்யும் ஒருவரைப் பார்த்து, "டிப்ளமோ படிக்காத ஆளு, சும்மா ஏதோ பண்றாரு" என்று சிரிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது நண்பா!

ஆனால் நாணயத்தின் மறுபக்கம்...

இப்போது கசப்பான பகுதிக்கு வருகிறேன்.

ஃபியூஸ் போய்விட்டால் சிகரெட் டப்பாவின் ஈயத்தாளைச் சுற்றி மாட்டுவார்கள். விளக்கு எரியும். சந்தோஷம்! ஆனால் ஃபியூஸ் எதற்காக இருக்கிறது? ஒயரில் அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடினால் தானே முதலில் செத்து ஒயரைக் காப்பாற்றத்தான். ஈயத்தாளைப் பல சுற்றுச் சுற்றினால் அது சாகாது, ஒயர்தான் சாகும். ஒயர் எரிந்தால் பக்கத்தில் பெட்ரோல் குழாய்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது இன்னொன்று. "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்குத் தம்பி?" என்று கேட்டே கழற்றுவார்கள். தெர்மோஸ்டாட் வெயிலைப் பார்த்து வேலை செய்வதில்லை. என்ஜின் தண்ணீர் ஏறத்தாழ 80 டிகிரி வரும் வரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கிறது. வெளியே 40 டிகிரி வெயில் என்றாலும் 80-க்கு இன்னும் 40 பாக்கி! கழற்றிவிட்டால் காலையில் என்ஜின் சூடாக ரொம்ப நேரம் ஆகும். அதுவரை பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவும். ரிங் தேயும். கார் புகை விடும். கொதிக்கும் என்ஜினுக்கு உண்மையான காரணம் அடைத்த ரேடியேட்டரோ, பிரஷர் தாங்காத மூடியோ ஆக இருக்கும். சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் நல்ல மூடி இருந்தால் தண்ணீர் 110 டிகிரி பக்கத்தில்தான் கொதிக்கும். மூடி கெட்டுவிட்டால் 100-லேயே கொதிக்கும், கொடைக்கானல் உயரத்தில் 93-லேயே கொதிக்கும். மூடியை மாற்ற வேண்டிய இடத்தில் தெர்மோஸ்டாட்டுக்குத் தூக்குத் தண்டனை!

எல்லாவற்றையும் விடக் கொடியது பிரேக்கில் ஒட்டு. என் தாய்மாமாவிடம் வாடகைக்கு ஓடும் பழைய அம்பாசிடர் ஒன்று இருந்தது. பின்பக்கம் இடது சக்கரத்து வீல் சிலிண்டர் ஒழுகி, பிரேக் ஆயில் எல்லாம் போய்விட்டது. பழைய மாடல்களில் நாலு சக்கரத்துக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே வழி. ஒரு இடத்தில் ஒழுகினால் மொத்தமும் போகும். வழியில் ஒரு ஷெட்டில், அந்தச் சக்கரத்துக்குப் போகும் செம்புக் குழாயை மடக்கி நசுக்கி அடைத்து, மீதி மூன்று சக்கரத்துக்கு ஆயில் ஊற்றிக் காற்றை எடுத்து விட்டார்கள். "அண்ணே, வீடு போய்ச் சேரலாம். நாளைக்கே சிலிண்டர் கிட் மாத்திருங்க" என்று அந்த மெக்கானிக் சொல்லித்தான் அனுப்பினார். அந்த மட்டில் அவர் செய்தது சரிதான்.

ஆனால் நாளைக்கு என்பது அடுத்த வாரம் ஆனது. அடுத்த வாரம் நான்கு மாதம் ஆனது. காரணம்? 'நல்லாத்தானே ஓடுது!' இடையில் டிரைவரும் மாறிவிட்டார். புது டிரைவருக்கு இந்தச் சங்கதியே தெரியாது. பதினெட்டு கொண்டை ஊசி வளைவு உள்ள சிறுமலையில் ஒரு சவாரி. இறங்கும்போது மூன்று சக்கரம் நாலு சக்கரத்து வேலையைச் செய்து செய்து டிரம்கள் காய்ந்து, லைனிங் பிடிமானம் விட்டுப் போனது. மிதித்தால் மிதி கட்டையாக நிற்கிறது, வண்டி நிற்கவில்லை. மலைப் பக்கத்து மண்மேட்டில் கொண்டுபோய் உரசி நிறுத்தினார். கை முறிந்தது. உள்ளே இருந்த நான்கு பேருக்கும் உயிர் இருந்தது. மறுபக்கம் திருப்பியிருந்தால் பள்ளம்.

மாமா இன்றும் சொல்வார்: "ஒட்டுப் போட்டவன் மேல தப்பு இல்லடா மாப்ளே. ஒட்டு இருக்குன்னு மறந்து போனோம் பாரு, அதான் தப்பு." இந்தக் கட்டுரையின் மொத்தக் கருத்தும் அந்த ஒரு வரிதான்.

மூன்று கேள்விகள்

அன்றிலிருந்து எந்த ஒட்டு வேலையைப் பார்த்தாலும் மூன்று கேள்விகளை நான் கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்கும் உதவலாம்.

ஒன்று: இந்த ஒட்டு பிய்ந்தால் வண்டி நின்றுபோகுமா, நிற்காமல் போகுமா? ஈரத்துணி காய்ந்தால் வண்டி நிற்கும். பாயிண்டில் வைத்த இடைவெளி மாறினால் வண்டி நிற்கும். நஷ்டம் ஒரு மணி நேரமும் ஒரு டீயும்தான். ஆனால் பிரேக், ஸ்டீரிங், சக்கரம் இந்த மூன்றிலும் ஒட்டு பிய்ந்தால் வண்டி நம் சொல் கேட்காது. நெருப்புச் சம்பந்தப்பட்ட ஃபியூஸும் டேங்க்கும் அதே ஜாதி. வண்டி நின்றுபோனால் நஷ்டம், நிற்காமல் போனால் மரணம். ஆகவே முதல் வகையில் எவ்வளவு வேண்டுமானாலும் மூளையைக் காட்டுங்கள். இரண்டாவது வகையில், பக்கத்து ஷெட் வரை மெதுவாக உருட்டிப் போவதற்கு மேல் ஒரு அடியும் வேண்டாம். காலி பெட்ரோல் டேங்க்கில் கேஸ் வெல்டிங் வைப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். காலி டேங்க் நிறைந்த டேங்க்கை விட ஆபத்து, உள்ளே இருப்பது காற்றோடு கலந்த பெட்ரோல் ஆவி!

இரண்டு: இந்த ஒட்டுக்கு ஆயுள் எவ்வளவு? சோப்புக்கு அடுத்த மழை. மஞ்சளுக்கு ஊர் போய்ச் சேரும் வரை. ஹோஸ் மேல் சுற்றிய சைக்கிள் டியூப்புக்கு ஒரு நாள், இரண்டு நாள். ஆயுள் சொல்லத் தெரியாத ஒட்டைப் போடவே கூடாது. கரி பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். போர்க்காலத்து ஒட்டு அது. போர் முடிந்ததும் கழற்றினார்கள். கழற்றத் தெரிந்ததால்தான் அது பொறியியல். நாமோ போர் முடிந்தும் உருளையைச் சுமக்கிறோம்.

மூன்று: அடுத்து ஓட்டுகிறவருக்கு இது தெரியுமா? சிறுமலையில் முறிந்தது அந்த டிரைவரின் கை. குழாய் நசுக்கப்பட்டது அவருக்குத் தெரியாது. தெரிந்தவர் ஓட்டவில்லை, ஓட்டியவருக்குத் தெரியவில்லை.

இதற்கு ரொம்பச் செலவில்லாத வழி ஒன்று சொல்கிறேன். ஒட்டுப் போட்டதும் ஒரு அட்டையில் நான்கு வரி எழுதுங்கள்: என்ன கெட்டது, என்ன செய்தோம், எந்தத் தேதி, எதுவரை தாங்கும். அதைக் கட்டுக்கம்பியில் கோத்து ஸ்டீரிங்கில் தொங்க விடுங்கள். பார்க்கவே அசிங்கமாக இருக்கட்டும்! அசிங்கமாக இருந்தால்தான் சீக்கிரம் கழற்றத் தோன்றும். ஆஸ்பத்திரியில் நோயாளியின் கட்டில் தலைமாட்டில் சீட்டு தொங்குகிறதே, அதுபோல. டாக்டர் மாறினாலும் சீட்டு மாறாது.

"பழைய காருக்கு எதுக்குப்பா இவ்வளவு பேச்சு?"

நண்பர்கள் இப்படிக் கேட்பார்கள் என்று தெரியும். அம்பாசிடரே போய்விட்டது, இன்னும் என்ன ஈரத்துணி, மஞ்சள்தூள் என்பார்கள். கேள்வி நியாயம்தான். பதில் சொல்கிறேன்.

பழைய கார் இன்று வேறு விதமாக உயிர் பெறுகிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு 'விண்டேஜ்' வாகனங்களுக்கென்று தனிப் பதிவு விதிகளைக் கொண்டுவந்தது. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகி, சேஸிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் அசல் நிலையில் இருக்கும் வண்டிகளுக்குத்தான் அந்தத் தகுதி. இங்கேதான் வேடிக்கை. ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டுத்தான் அந்தக் கார்கள் ஐம்பது வருஷம் உயிரோடு இருந்தன. கழற்ற முடியாத ஒட்டாக இருந்தால், அதே ஒட்டினால் அசல் தன்மை போய்விடும். வேறு கார் என்ஜினைத் தூக்கி வைத்தவர்கள், சேஸிஸை வெட்டி ஒட்டியவர்கள் எல்லாம் கையைப் பிசைய வேண்டியதுதான். மறுபக்கம், பதினைந்து வருஷம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆனது. ஆசைக்கு வைத்திருப்பவர் கட்டுவார். அதை நம்பிப் பிழைப்பவர்?

அசல் பாகம் கிடைக்காத காருக்கு யார் பாகம் செய்வது? லேத் தெரிந்தவர், அரம் பிடிக்கத் தெரிந்தவர். அரம் என்றால் திண்டுக்கல்தானே! கையால் அராவிச் சாவி செய்த பூட்டுக்குத்தான் 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் குறியீடு வந்தபோது அரம் பிடிக்கும் கைகள் குறைந்துபோயிருந்தன. பிள்ளைகள் அந்தத் தொழிலுக்கு வரவில்லை. ரிப்பேர் தொழிலுக்கும் அந்தக் கதி வரக் கூடாது என்பதுதான் என் கவலை. கை போன பிறகு பட்டம் கொடுத்து என்ன பயன்?

உலகத்தையும் கொஞ்சம் பாருங்கள். கியூபாவில் 1959 புரட்சிக்குப் பின் அமெரிக்கக் கார்களின் வரவு நின்றது. 1962-ல் அமெரிக்கா முழு வர்த்தகத் தடை போட்டது. ஸ்பேர் கிடையாது. ஆனாலும் 1950-களின் செவர்லேயும் போர்டும் ஹவானா வீதிகளில் ஓடிக்கொண்டே இருக்கின்றன, பல வண்டிகளில் ரஷ்ய என்ஜினோடு! உலகமே அதைப் பார்த்து ரசிக்கிறது. ஆனால் அந்த மக்கள் ரசனைக்காக அப்படிச் செய்யவில்லை, வேறு வழி இல்லாமல் செய்தார்கள். ஏழ்மையில் பிறந்த திறமையைக் கும்பிடுவோம், ஏழ்மையைக் கும்பிட வேண்டாம்.

இன்னொரு புதுச் சங்கதி. 2025-ல் நாடு முழுக்கப் பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்பு எட்டப்பட்டது. பழைய கார்களின் ரப்பர் ஹோஸும் பம்ப் டயாபிராமும் எத்தனாலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஊறி உப்பும், இறுகி வெடிக்கும். ஆக, பழைய மெக்கானிக் சொன்ன ஒட்டு எல்லாம் இன்றைய பெட்ரோலுக்கும் பொருந்தும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. எந்த ரப்பர் எதைத் தாங்கும் என்று சொல்ல அவருக்கும் நாம் தேவை. அவர் கையும் நம் புத்தகமும் சேர வேண்டிய இடம் இதுதான்.

"பழைய வண்டி புகை கக்குதே, அதை ஏன் காப்பாத்தணும்?" என்றும் கேட்கலாம். எல்லா வண்டியையும் காப்பாற்றச் சொல்லவில்லை. சேஸிஸ் இற்றுப்போன வண்டி காயலான் கடைக்குப் போகட்டும். ஆனால் தெர்மோஸ்டாட் இல்லாமல், தேய்ந்த ரிங்கோடு, தப்பான பாயிண்ட் இடைவெளியோடு ஓடுவதும்தான் புகைக்குக் காரணம். நல்ல ரிப்பேர் புகையைக் குறைக்கும், மோசமான ஒட்டு கூட்டும்.

இப்போது வரும் கார்களில் பானட்டைத் திறந்தால் பிளாஸ்டிக் மூடிதான் தெரிகிறது. கோளாறு என்ன என்று சொல்ல ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். அந்தக் கம்ப்யூட்டரைத் திறக்கும் அனுமதி கம்பெனிக்காரர் கையில். 'பழுது பார்க்கும் உரிமை' பற்றி ஆராய 2022-ல் மத்திய நுகர்வோர் துறை ஒரு குழு அமைத்து, அந்த ஆண்டு டிசம்பரில் அதற்கென ஒரு இணையவாசலையும் திறந்தது. நல்ல தொடக்கம். ஆனால் உரிமை மட்டும் இருந்து, பழுது பார்க்கத் தெரிந்த ஆள் இல்லாவிட்டால்? டிப்ளமோ மாணவர்களாகிய நமக்கு வேலையும் சோறும் அங்கேதான் இருக்கிறது என்பதை மறந்துவிட வேண்டாம்.

மாணவர் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள்

சும்மா பேசிவிட்டுப் போவது எனக்குப் பிடிக்காது. ஆகவே ஒரு யோசனை வைக்கிறேன்.

நம் ஊரைச் சுற்றிச் சின்னாளபட்டியிலும் திண்டுக்கல்லிலும் வத்தலக்குண்டிலும் அம்பாசிடரையும் பத்மினியையும் பிரித்து மேய்ந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கண் மங்கி, ஷெட்டை மகனுக்கோ பூட்டுக்கோ கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த விடுமுறையில் ஒவ்வொரு மாணவரும் அப்படி ஒருவரிடம் போய் உட்காருங்கள். "அண்ணே", "அய்யா" என்று மரியாதையாகக் கேளுங்கள். மூன்று ஒட்டு வேலைகளை மட்டும் எழுதி வாருங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி: என்ன செய்தார், ஏன் வேலை செய்கிறது, எவ்வளவு நாள் தாங்கும், பிய்ந்தால் என்ன ஆகும். முதல் வரியை அவர் சொல்வார். இரண்டாவது வரியை நாம் எழுத வேண்டும், அதற்குத்தான் நாம் படிக்கிறோம். மூன்றாவதையும் நான்காவதையும் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டும்.

நூறு பேர் போனால் முந்நூறு குறிப்பு. அதைத் தொகுத்து அடுத்த ஆண்டு மலரில் போடலாம். சினிமா துணுக்கும் ஜோக்கும் போடுகிற நாலு பக்கத்தை இதற்கு ஒதுக்கினால் ஆசிரியர் குழு கோபித்துக்கொள்ளாது என்று நம்புகிறேன்!

அதோடு நம் ஒர்க் ஷாப்பிலும் அந்த அட்டைப் பழக்கத்தைத் தொடங்கலாம். லேத்தின் கார்டு போல்ட் இல்லாமல் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறதா? கட்டியவர் சீட்டு எழுதித் தொங்க விடட்டும். டிரில்லிங் மெஷின் சுவிட்ச்சில் இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறதா? தேதி போடட்டும். தேதி பழசாகிக்கொண்டே போனால் பார்க்கிற எல்லோருக்கும் உறுத்தும். உறுத்தினால்தான் புது போல்ட் வரும், புது சுவிட்ச் வரும்.

ஆபத்துக்குப் பாவமில்லை. நடுரோட்டில் நிற்கிறவன் ஒட்டுப் போடத்தான் வேண்டும், போடத் தெரிந்தவனுக்கு என் சலாம். ஆனால் ஆபத்து முடிந்த பிறகும் அதையே சுமந்துகொண்டு மலை இறங்குவது திறமை ஆகாது நண்பர்களே. ஒட்டுப் போடக் கற்றுக்கொள்வோம்... அதைச் சீட்டில் எழுதக் கற்றுக்கொள்வோம்... நேரம் பார்த்துக் கழற்றவும் கற்றுக்கொள்வோம்!

- மூன்றாம் ஆண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு